கூத்துமாடத்தில் ஒலிக்கும் தமிழ்

நுழையும் முன்

தமிழ்நாட்டின் எல்லைக்கு அப்பால், மலையாளம் வழங்கும் ஊர்களில், இரவு முழுவதும் கம்பரின் பாடல்கள் ஒலிக்கும் மேடைகள் உள்ளன. அவற்றைப் பாடும் கலைஞர்களின் வீட்டுமொழி மலையாளம். அம்மரபை ஒரு சிற்றூரின் கலை மையம் எவ்வாறு காத்து வருகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பொருளைக் காத்தலும் செயலைக் காத்தலும்

மூணாற்றை அடுத்த நல்லதண்ணி எஸ்டேட்டில் ஒரு தேயிலை அருங்காட்சியகம் உள்ளது. பழைய தேயிலைப் பொறிகளும், எஸ்டேட் அலுவலகங்களில் வழங்கிய கருவிகளும், ஒளிப்படங்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. தென்தமிழ்நாட்டின் நாசரேத்தில் இருந்த தொழிற்பள்ளியில் 1913 ஆம் ஆண்டு செய்யப்பட்ட கருங்கல் சூரியக் கடிகாரம் ஒன்றும் அங்கே உண்டு. அக்கடிகாரத்தைக் காண்போர், மலைக்கு வந்த தமிழரின் உழைப்பையும் தொழில்திறனையும் ஒருசேர நினைவுகூர்வர்.

அருங்காட்சியகம் பொருள்களைக் காக்கிறது. சூரியக் கடிகாரத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாலும் அது சூரியக் கடிகாரமாகவே இருக்கும். பாட்டும் கூத்தும் அவ்வாறு இருப்பதில்லை. பாடுவோர் இல்லாத பாட்டு ஏட்டில் உறங்கும். ஆடுவோர் இல்லாத பாவை வெறும் தோலாகிவிடும். எனவே, கலைகளைக் காப்பதற்கு அவற்றைச் செய்வோரையும் கற்போரையும் காக்கும் வேறொரு வகை நிலையம் தேவைப்படுகிறது. அதனையே கலை மையம் என்கிறோம்.

கேரளத்தில் இத்தகைய நிலையங்கள் பல உள்ளன. கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனோன் முன்னின்று 1930 ஆம் ஆண்டு தோற்றுவித்த கேரள கலாமண்டலம் அவற்றுள் பெரியது. கதகளி, கூடியாட்டம், மோகினியாட்டம் முதலிய கலைகளைக் கற்பிக்கும் அந்நிலையம், பாரதப்புழை ஆற்றின் தென்கரையில் செருதுருத்தி என்னும் ஊரில் அமைந்துள்ளது. அவ்வாற்றின் வடகரையில், ஷொரணூருக்கும் ஒற்றப்பாலத்துக்கும் இடையே கூனத்தறை என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஒரு புலவர் குடும்பம் நடத்தி வரும் கிருஷ்ணன்குட்டிப் புலவர் நினைவுத் தோல்பாவைக்கூத்து மையம் அளவில் சிறியது. எனினும், தமிழ் கற்கும் மாணவர் அறியவேண்டிய செய்தி ஒன்று அங்கே காத்திருக்கிறது.

தமிழ் நடந்த வழி

மூணாற்றிலிருந்து கூனத்தறைக்குச் செல்ல இரண்டு வழிகள் உள்ளன. அடிமாலி, கோதமங்கலம், அங்கமாலி, திருச்சூர் வழியாக மலையிறங்கிச் செல்வது ஒன்று. மறையூர், சின்னாறு, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகச் செல்வது மற்றொன்று. இரண்டும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு உடையவை.

இரண்டாம் வழி, இப்பாடத்தின் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. மேற்குத் தொடர்ச்சி மலை, தெற்கே ஆனைமலையாகவும் வடக்கே நீலகிரியாகவும் உயர்ந்து நிற்கிறது. இவ்விரு மலைகளுக்கும் இடையே மலைத்தொடர் அறுபட்டு, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குச் சமவெளியாகத் திறந்து கிடக்கிறது. இதுவே பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டிலிருந்து நெசவாளரும் வணிகரும் இக்கணவாய் வழியாக மேற்கே சென்று குடியேறினர். அவர்களோடு துணியும் தானியமும் சென்றன. மொழியும் பாட்டும் கூடவே சென்றன. கம்பரின் இராமகதை பாலக்காட்டுப் பகுதிக்கு இவ்வாறு சென்றிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுவர்.

பாரதப்புழை ஆறும் ஆனைமலைப் பகுதியில் தோன்றி, இக்கணவாய் வழியாக மேற்கே பாய்ந்து, பொன்னானியில் அரபிக்கடலில் கலக்கிறது. நிளா என்பது அதன் மற்றொரு பெயர். 1956 ஆம் ஆண்டு மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, சித்தூர் வட்டமும் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்தில் அமைந்தன. ஆயினும், கொழிஞ்சாம்பாறை முதல் மூணாறு வரை எல்லையோர ஊர்களில் தமிழ் இன்றும் வீட்டுமொழியாக விளங்குகிறது. கணவாயைக் கடந்து மேற்கே செல்லச் செல்ல, வீடுகளில் தமிழ் ஓய்ந்து மலையாளம் ஒலிக்கிறது. ஆனால், பகவதி கோயில்களில் தமிழ் மீண்டும் கேட்கிறது. இதுவே இக்கலையின் வியப்பு.

பெயரும் பின்புலமும்

தோலால் செய்யப்பட்ட பாவைகளைக் கொண்டு நிகழ்த்தும் கூத்து தோல்பாவைக்கூத்து. மலையாளத்தில் இது ‘தோல்பாவக்கூத்து’ என வழங்கும். தோல், பாவை, கூத்து ஆகிய மூன்றும் தமிழ்ச் சொற்களே. மலையாளத்தில் பாவை என்பது ‘பாவ’ என்றாயிற்று. பாவையை இயக்கி உயிருள்ளதுபோல் காட்டும் கலை தமிழருக்குப் பழமையானது. கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையைத் திருக்குறள் நாணுடைமை அதிகாரத்தில் உவமையாகக் கூறுகிறது.

கேரளத்தின் தோல்பாவைக்கூத்து, பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் பாரதப்புழைப் படுகையை ஒட்டிய பத்திரகாளி கோயில்களில் நிகழ்வது. அறுவடைக்குப் பின் வரும் வறண்ட மாதங்களே கூத்துக்குரிய பருவம். 7, 14, 21, 41, 71 இரவுகள் என, இடத்துக்கு இடம் கூத்தின் கால அளவு வேறுபடும்.

காளி கோயிலில் இராமகதை நிகழ்வதற்கு ஒரு தொன்மக் கதை காரணமாகக் கூறப்படுகிறது. தாரிகன் என்னும் அசுரனை அழிக்கச் சிவன் பத்திரகாளியைப் படைத்தார். அவள் தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்த காலத்தில், இலங்கையில் இராமனுக்கும் இராவணனுக்கும் போர் நடந்தது. அப்போரைக் காணும் வாய்ப்பு தனக்குக் கிட்டவில்லையே என்று காளி வருந்தினாள். அவள் காணும்பொருட்டு அப்போரை ஆண்டுதோறும் நிழலாக நிகழ்த்திக் காட்டுமாறு சிவன் பணித்தார் என்பது நம்பிக்கை. எனவே, இக்கூத்தின் முதன்மைப் பார்வையாளர் தேவியே. ஊரார் வந்தாலும் வராவிட்டாலும், தேவிக்காகக் கூத்து நடந்தே தீரவேண்டும்.

கூத்துமாடம்

இக்கூத்துக்கெனக் கோயில் வளாகத்தில் கட்டப்பட்ட நிலையான மேடை ‘கூத்துமாடம்’ எனப்படும். மரபான கூத்துமாடம் ஏறத்தாழ 42 அடி நீளம் உடையது. தேவியின் பார்வை படும் வகையில் கோயிலை நோக்கி அமைந்திருக்கும். அதன் முன்புறம் நீளத் திரை கட்டப்படும். திரையின் மேற்பகுதி வெண்மை, கீழ்ப்பகுதி கருமை. வெண்பகுதியிலேயே நிழல்கள் தோன்றும். கருந்துணி, உள்ளே அமர்ந்திருக்கும் கலைஞரை மறைக்கும்.

திரைக்குப் பின்னால், நீண்ட சட்டம் ஒன்றில் 21 தேங்காய் மூடிகள் வரிசையாக வைக்கப்படும். அவற்றில் எண்ணெய் ஊற்றித் திரியிட்டு விளக்கேற்றுவர். கோயிலிலிருந்து கொண்டுவரப்படும் சுடரே அவ்விளக்குகளை ஏற்றும். பாவைகள் விளக்குக்கும் திரைக்கும் நடுவே இயங்குகின்றன. மின்விளக்கின் ஒளி அசையாதது. எண்ணெய் விளக்கின் சுடரோ காற்றில் நடுங்குவது. சுடர் நடுங்கும்போது திரையில் விழும் நிழலும் சற்றே நடுங்குகிறது. அசையாமல் நிற்கும் பாவையும் மூச்சு விடுவதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். போர்க்காட்சிகளில் மரப்பிசின் பொடியைச் சுடரில் தூவி, திடீரெனத் தீப்பிழம்பு எழச் செய்வதும் உண்டு.

தோலில் பிறக்கும் உருவம்

கூனத்தறை மையத்துக்குச் செல்வோரை முதலில் கவர்வது பாவை செய்யும் தொழில். பழைய பாவைகள் மான் தோலால் ஆனவை. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ஆடு, மாடு, எருமை ஆகியவற்றின் தோல்களே பயன்படுகின்றன. தோலை விறைப்பாக இழுத்துக் கட்டி வெயிலில் உலர்த்தி, மயிரை நீக்கித் தூய்மை செய்வர். பின்னர் அதன்மேல் உருவத்தை வரைந்து, வெட்டியெடுத்து, சிற்றுளிகளால் துளையிடுவர்.

துளைகளே இப்பாவைகளின் அணிகலன்கள். நெல்மணி, நட்சத்திரம், பிறை எனத் துளைகளின் வடிவங்களுக்குப் பெயர்கள் உண்டு. துளை வழியே வரும் ஒளி, திரையில் முத்தாகவும் பட்டாகவும் மணிமுடியாகவும் மாறும். தோல் விடப்பட்ட இடத்தில் இருளும், தோல் நீக்கப்பட்ட இடத்தில் ஒளியும் தோன்றுவதால், எதை நீக்க வேண்டும் என்பதை அறிவதே இத்தொழிலின் நுட்பம். ஓர் இடத்தில் உளி தவறினால் பாவையின் முகமே மாறிவிடும்.

முழு இராமகதைக்கும் 71 கதைமாந்தரைக் குறிக்கும் ஏறத்தாழ 160 பாவைகள் வேண்டும். ஒரே கதைமாந்தருக்கு அமர்ந்த நிலை, நின்ற நிலை, நடக்கும் நிலை, போரிடும் நிலை எனப் பல பாவைகள் இருப்பதே இதற்குக் காரணம். பாவையின் நடுவே மூங்கில் பிளாச்சு ஒன்று கட்டப்பட்டிருக்கும். கலைஞர் அதனை ஒரு கையால் பிடித்து, பாவையின் அசையும் கையை மற்றொரு குச்சியால் இயக்குவார்.

புலவர் என்னும் பெயர்

பாவையை ஆட்டும் தலைமைக் கலைஞரை மக்கள் ‘புலவர்’ என்றே அழைக்கின்றனர். கைத்திறம் மட்டும் உடையவருக்கு இப்பெயர் கிடைப்பதில்லை. கம்பராமாயணத்திலிருந்து தொகுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை மனத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் விரிவுரை கூறும் ஆற்றல் பெற்றவரே புலவர். இப்பாடல் தொகுப்பு ‘ஆடல்பற்று’ எனப்படும். இக்கூத்து மரபை வகுத்த முதல் ஆசானாகச் சின்னத்தம்பி வாத்தியார் என்பவரைக் கலைஞர்கள் போற்றுகின்றனர்.

கூத்தின் அமைப்பு எளியது. மாலையில் கேளிகொட்டு என்னும் பறையொலி கூத்து நிகழப்போவதை ஊருக்கு அறிவிக்கும். கணபதி முதலிய தெய்வங்களை வாழ்த்திப் பாடியபின் கதை தொடங்கும். கலைஞர் கம்பரின் பாடல் ஒன்றைப் பாடுவார். பின்னர் அதன் பொருளை உரைநடையில் விரித்துரைப்பார். அவ்வுரையில் தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்து வரும். உடன் இருக்கும் கலைஞர் குரல்கொடுத்து அவரைத் தொடர்வார். இடையிடையே ஐயம் எழுப்பி உரையாடுவதும் உண்டு. பாடல்களின் அருஞ்சொல்லும் இலக்கணமும் அங்கே ஆராயப்படும். இலக்கிய மன்றம் ஒன்று நள்ளிரவில் திரைக்குப் பின்னால் கூடியிருப்பதுபோல் இது தோன்றும். எழுபறை, இலத்தாளம், சேங்கிலை, சங்கு முதலிய கருவிகள் கூத்துக்குத் துணைசெய்கின்றன.

இங்கே மொழியைப் பற்றிய ஓர் உண்மையை உணர வேண்டும். இக்கலைஞர்கள் தமிழ்ப் பாடல்களைப் பெரும்பாலும் தந்தையிடமிருந்தும் ஆசானிடமிருந்தும் செவிவழியாகக் கற்றனர். குறிப்பேடுகளில் எழுதியபோதும் மலையாள எழுத்திலேயே எழுதினர். தமிழ் எழுத்துகளை அறியாமலேயே கம்பரின் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அவர்கள். செவிவழி வந்தமையால் சில சொற்கள் உருமாறியிருக்கலாம். ஆயினும், பாடலின் சந்தமும் பொருளும் தொடர்ந்து வருகின்றன.

புலவர்கள் சேர்த்த பக்கம்

கம்பரைக் காத்த இக்கலைஞர்கள் அவரை அப்படியே ஒப்பிப்பதில்லை. தம் மரபில் வந்த கதைகளையும் சேர்த்துச் சொல்கின்றனர். சம்புகுமாரன் கதை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

பல கோயில்களில் கூத்து, பஞ்சவடிக் காட்சியிலிருந்து தொடங்கி இராமனின் முடிசூட்டு விழாவோடு நிறைவுறும். கம்பரின் காப்பியத்தில் சூர்ப்பணகை, இராமனின் அழகில் மயங்கிப் பஞ்சவடிக்கு வருகிறாள். கூத்துமாடத்திலோ அதற்கு முன்பே ஒரு துயரம் நிகழ்கிறது. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் காட்டில் தவம் செய்கிறான். அவன் அங்கே இருப்பதை அறியாத இலக்குவனின் வாளுக்கு அவன் இரையாகிறான். தாய் மகனின் உடலைக் கண்டு கதறுகிறாள். இதனைக் கண்டபின் சூர்ப்பணகையை அரக்கி என்று மட்டும் எண்ணிவிட இயலாது. மகனை இழந்த தாயாகவும் அவளைக் காண வேண்டியுள்ளது. பின்னால் வரும் பெரும்போருக்கும் அதனால் ஒரு புதிய காரணம் கிடைத்துவிடுகிறது.

இத்தகைய வேறுபாடுகளை அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் விரிவாக ஆராய்ந்தார். கலைஞர்களோடு கூத்துமாடங்களுக்குள் பல இரவுகள் அமர்ந்து கேட்டு, 1996 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல் இக்கலையை உலக ஆய்வாளர்களிடம் கொண்டு சேர்த்தது.

கேட்போர் இல்லாத இரவுகள்

பிளாக்பர்ன் கண்ட செய்திகளுள் ஒன்று எவரையும் சிந்திக்க வைப்பது. பெரும்பாலான இரவுகளில் கூத்துமாடத்தின் முன்னால் ஒருவரும் இல்லை. மாலையில் வந்த சிலர், பாவைகள் தோன்றிய சிறிது நேரத்தில் வீடு திரும்பிவிடுவர். அதன்பின் விடியும்வரை கலைஞர்கள் வெற்றுவெளியை நோக்கிப் பாடினர். பாடலுக்குப் பொருள் கூறியவரும் அவர்களே. ஐயம் எழுப்பியவரும் அவர்களே. அதனைக் கேட்டு மகிழ்ந்தவரும் அவர்களே.

தேவியே பார்வையாளர் என்ற நம்பிக்கை, ஆளில்லாத அரங்கிலும் கலை தொடர வழிசெய்தது. கைதட்டலை எதிர்பார்க்கும் கலையாக இருந்திருந்தால், இது என்றோ மறைந்திருக்கும். ஆனால், அந்நம்பிக்கை மட்டுமே கலையைக் காக்கப் போதுமானதாக இல்லை. பல ஆண்டுகள் கற்றபின் ஒருவருக்குக் கிடைப்பது, ஆண்டில் சில மாதங்கள் மட்டும் நிகழும் கூத்தும் சிறு ஊதியமுமே. வேறு தொழில்களும் படிப்புகளும் வந்தபோது, இளையோர் பாடல் மனனத்துக்குப் பல ஆண்டுகளைத் தரத் தயங்கினர். பார்வையாளர் இல்லாமல் நடந்த கலை, மாணவர் இல்லாமல் நடக்க இயலாது. இக்கலைக்கு நேர்ந்த உண்மையான நெருக்கடி இதுவே.

கூத்து மாடத்தை விட்டு வெளியே வந்தது

இந்நெருக்கடியை உணர்ந்தவர்களுள் முதன்மையானவர் கிருஷ்ணன்குட்டிப் புலவர். 1925 முதல் 2000 வரை வாழ்ந்த அவர், இக்கலையைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தார். பல இரவுகள் நீளும் கதையை ஒரு மணி நேர அளவில் சுருக்கி, கூத்துமாடம் இல்லாத இடங்களிலும் நிகழ்த்தும் வகையில் அமைத்தார். அதனால் பள்ளிகளிலும், நகர அரங்குகளிலும், வெளிநாடுகளிலும் மக்கள் இக்கூத்தைக் காண இயன்றது.

அவருடைய மகன் ராமச்சந்திரப் புலவர் அப்பணியைத் தொடர்ந்தார். தந்தையின் பெயரில் அமைந்த மையத்தில் பாவை செய்தல், பாவை இயக்குதல், பாடல் ஆகியவற்றை இளையோருக்குக் கற்பித்து வருகிறார். காந்தியடிகளின் வாழ்வைப் பாவைக்கூத்தாக அமைத்தார். 2021 ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவருடைய மகள் ரஜிதா, பெண்களே இயக்கும் குழு ஒன்றை உருவாக்கினார். நூற்றாண்டுகளாக ஆண்களே அமர்ந்த திரைக்குப் பின்னால், பெண்களின் கைகளும் குரல்களும் சேர்ந்தன. பொறியியலாளர் துணையுடன், பாவைகளை இயந்திரத்தால் இயக்கிக் காட்டும் முயற்சியும் பாலக்காட்டில் நடைபெற்றது.

பெற்றதும் இழந்ததும்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு. ஒரு மணி நேரக் காட்சியில் போரும், அனுமன் கடலைத் தாண்டுவதும், மாயமானின் ஓட்டமும் இடம்பெறும். கண்ணைக் கவரும் காட்சிகள் இவை. ஆனால், ஒரு பாடலுக்கு நெடுநேரம் பொருள் கூறும் விரிவுரைக்கு அங்கே இடம் இல்லை. நள்ளிரவில் புலவர்கள் நடத்திய இலக்கிய உரையாடல் குறுங்காட்சியில் மறைந்துவிடுகிறது. பார்ப்போர் பெருகும்போது பாடல் குறைகிறது.

இதனால், குறுங்காட்சி தேவையற்றது என்று முடிவு செய்தல் பொருந்தாது. குறுங்காட்சியால் கிடைக்கும் வருவாய் கலைஞர் குடும்பங்களுக்கு உதவுகிறது. அதனைக் கண்ட இளைஞருள் ஒருவர் மாணவராகச் சேரக்கூடும். அம்மாணவர் நாளை கோயில் கூத்துமாடத்தில் முழுக்கூத்தைப் பாடக்கூடும். எனவே, மையத்தில் நிகழும் குறுங்காட்சி, கோயிலில் நிகழும் முழுக்கூத்துக்கு மாற்று அன்று. அதற்கு இட்டுச்செல்லும் வாயில். வாயிலையே வீடு என்று கொள்ளும் நாளில்தான் இழப்பு நேரும். இவ்வேறுபாட்டைக் கலைஞர்கள் அறிந்தே இரண்டையும் நடத்துகின்றனர்.

அண்டை நிலத்து நிழல்கள்

நிழற்பாவைக் கலை இந்தியாவின் பல பகுதிகளிலும் காணப்படுகிறது. ஆந்திரத்தில் தோலு பொம்மலாட்டம், கர்நாடகத்தில் தொகலு கொம்பெயாட்ட, ஒடிசாவில் ராவணச்சாயா எனப் பல பெயர்களில் இது வழங்குகிறது. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் எருமைத் தோலால் செய்த பாவைகளைக் கொண்டு இராமகதையையும் பாரதத்தையும் இரவு முழுவதும் நிகழ்த்துவர். வயாங் எனப்படும் அக்கலையை யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றுள்ளது.

தமிழ்நாட்டின் தோல்பாவைக்கூத்தில் பாவைகள் வண்ணம் தீட்டப்பட்டவை. தோலினூடே ஒளி ஊடுருவி வண்ண உருவங்களாகத் தோன்றுபவை. கேரளப் பாவைகள் கருநிழலாகத் தோன்றுகின்றன. தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சென்று கொட்டகை அமைத்து ஆடுவர். கேரளத்தில் கோயிலின் நிலையான மாடத்தில் ஆடுவர். இவ்வேறுபாடுகளுக்கு இடையே ஓர் ஒற்றுமையும் உண்டு. தமிழ்நாட்டில் இக்கூத்தை நிகழ்த்தும் மண்டிகர் மரபினரின் வீட்டுமொழி மராத்தி. கேரளத்தில் நிகழ்த்துவோரின் வீட்டுமொழி மலையாளம். இரு நிலங்களிலும், வேறு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் தமிழைக் கற்று, அதனையே தம் கலையின் மொழியாக ஆக்கிக்கொண்டனர்.

காணச் செல்வோர் கருத்தில் கொள்ள வேண்டியவை

மையம் ஒரு குடும்பத்தின் வாழ்விடத்தோடு இணைந்தது. எனவே, முன்கூட்டியே தெரிவித்துச் செல்லுதல் முறை. காட்சியைத் திரையின் முன்னால் அமர்ந்து காண்பதோடு, வாய்ப்புக் கிடைத்தால் திரையின் பின்னால் நிகழ்வதையும் காண வேண்டும். முன்னால் இருப்போர் நிழலைக் காண்பர்; பின்னால் இருப்போர் உழைப்பைக் காண்பர். பாவைகளைக் கலைஞரின் இசைவின்றித் தொடுதல் கூடாது. கோயில் கூத்துமாடத்தில் நிகழும் கூத்து வழிபாட்டின் பகுதி என்பதால் அவ்விடத்துக்குரிய ஒழுங்கைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

யாவற்றினும் முதன்மையாக, காதுகொடுத்துக் கேட்டல் வேண்டும். மையத்துக்கு வரும் பயணியருள் பெரும்பாலோர் பாவைகளின் அழகைக் கண்டு மகிழ்கின்றனர். பாடல் அவர்களுக்கு இனிய ஓசை மட்டுமே. தமிழ் அறிந்த மாணவருக்கோ அப்பாடலின் சொற்கள் பொருளோடு வந்து சேரும். வில், மான், கடல், தம்பி, தாய் எனப் பழகிய சொற்கள், மலையாள ஒலிப்போடு திரைக்கு அப்பாலிருந்து கேட்கும். கூத்துமாடம் நெடுங்காலமாகக் காத்திருந்த பார்வையாளர், பாடலைப் பொருள் உணர்ந்து கேட்கும் இத்தகையவரே.

நிறைவாக

ஒரு மொழியைப் பேசுவோர் அருகே இல்லாத இடத்திலும் அம்மொழி வாழ இயலும் என்பதைக் கூனத்தறை காட்டுகிறது. அதற்கு வேண்டுவது, அதனை அருமை உடையதாகக் கருதி நாள்தோறும் கற்கும் சிலர். மலையாளக் குடும்பத்துச் சிறுவர் ஒருவர், தம் வீட்டில் பேசப்படாத மொழியின் பாடல்களைப் பல ஆண்டுகள் முயன்று மனப்பாடம் செய்கிறார். மூணாற்றின் தமிழ்க் குடும்பத்து மாணவரோ, வீட்டில் நாள்தோறும் பேசும் மொழியைப் பள்ளியில் விருப்பப்பாடமாகக் கற்கிறார். முன்னவருக்கு எழுத்து இல்லை, பாட்டு இருக்கிறது. பின்னவருக்கு எழுத்து இருக்கிறது. பாட்டைத் தேடிச் செல்லும் வழியும் திறந்திருக்கிறது. இருவரும் ஒரே திரையின் இரு பக்கங்களில் அமர்ந்து ஒரே பாடலைக் கேட்கும்போது, அக்கலை மையம் தன் பணியைச் செய்துவிட்டது எனலாம்.

சொற்பொருள்

தொன்மம் – வழிவழியாக வழங்கும் தெய்வக் கதை
கணவாய் – மலைத்தொடரின் இடைவெளி
பிளாச்சு – பிளந்த மூங்கில் துண்டு
சேங்கிலை – வெண்கலத் தட்டு வடிவத் தாளக்கருவி
இசைவு – ஒப்புதல்
மனனம் – மனப்பாடம் செய்தல்

பயிற்சி

1. அருங்காட்சியகத்துக்கும் கலை மையத்துக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் எழுதுக.
2. காளி கோயிலில் இராமகதை நிகழ்வதற்குக் கூறப்படும் காரணம் யாது?
3. எண்ணெய் விளக்கின் ஒளியில் பாவை உயிருள்ளதுபோல் தோன்றுவது ஏன்?
4. சம்புகுமாரன் கதை, சூர்ப்பணகையைப் பற்றிய எண்ணத்தை எவ்வாறு மாற்றுகிறது?
5. கூத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கியதால் பெற்றவையும் இழந்தவையும் யாவை? உமது கருத்தைக் காரணத்துடன் கூறுக.

செயல்பாடு

உமது வீட்டில் அல்லது ஊரில் பெரியோர் பாடும் பாடல் ஒன்றைக் கேட்டு எழுதுக. அதனை அவர்கள் யாரிடம் கற்றனர் என்பதையும் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.